புற்றுக்கு வாங்கிய பால்

எங்கள் வீட்டுக் காப்பிக்கு எப்போதும் பாக்கெட் பால்தான். பீர்க்கன்கரணைக்குக் குடிவந்த நாளிலிருந்து அப்படித்தான். விடியும்போது கேட்டில் தொங்குகிற பையில் இரண்டு பாக்கெட் விழுந்திருக்கும். கழுவி, வெட்டி, காய்ச்சிவிடுவேன். கறந்த பால் வாங்கியது வெள்ளிக்கிழமைகளில் மட்டும். அதுவும் எங்களுக்காக இல்லை, புற்றுக்காக.

ஏரிக்குப் போகிற வழியில் வேப்ப மரத்தடியில் அந்தப் புற்று இருக்கிறது. மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி, மேலே தகரம் போட்டிருக்கிறார்கள். பிள்ளை வேண்டும் என்பவர்களும், வயிற்றில் இருக்கிற பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்பவர்களும் அங்கே பால் ஊற்றுவார்கள். பச்சைப் பாலாக இருக்க வேண்டும். அடுப்பில் ஏறின பாலை அம்மன் ஏற்க மாட்டாள் என்று பேச்சு. பாக்கெட் பால் கம்பெனியிலேயே சூடு கண்டுதான் வருகிறது, அதனால் அதுவும் ஆகாது. இதை யாரும் எனக்கு எழுதிக் காட்டவில்லை. அங்கே வருகிற பெண்கள் எல்லோரும் அப்படிச் செய்தார்கள், நானும் செய்தேன்.

என் மருமகள் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டானாள். பெருங்களத்தூரில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். படித்தவள். என்னை ஒரு நாளும் எடுத்தெறிந்து பேசினதில்லை. சேதி தெரிந்த வாரமே நான் புற்றுக்குப் பால் ஊற்ற ஆரம்பித்தேன். செம்பில் வாங்கிப் போய்ப் பாதியை ஊற்றுவேன். மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து டம்ளரில் விட்டு, கொஞ்சம் சர்க்கரை போட்டு மருமகள் கையில் கொடுப்பேன். ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் நின்றபடியே குடிப்பாள். குடித்து முடிக்கிற வரைக்கும் நான் பக்கத்திலேயே நிற்பேன், பிரசாதம் கீழே சிந்தக்கூடாது என்று. அதைச் சுட வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிரசாதத்தை யாராவது அடுப்பில் வைப்பார்களா.

நான் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். ஐந்தாவது வரைக்கும் படித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றேன், முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். மீன் விற்கிறவள் என்றால் வாய் இருக்கும் என்று நினைப்பார்கள். எனக்கு இல்லை. பக்கத்துக் கடைக்காரிகள் கூவி விற்பார்கள். நான் மீனின் செவுளைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். சிவப்பாக இருந்தால் வாங்குவார்கள். மீன் நல்லதா கெட்டதா என்று எனக்கு எட்ட நின்றே சொல்ல வரும். பாலுக்குச் செவுள் இல்லையே. தண்ணீர் கலக்காமல் இருந்தால் அது நல்ல பால் என்று ஊர் நினைத்தது, நானும் அதையே நினைத்தேன்.

புற்றுக்குப் பால் வாங்கியது எங்கள் தெருமுனையில் மாடு வைத்திருந்த அம்மாவிடம். மாட்டுக்காரம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். காலி மனையில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு ஐந்து மாடு கட்டியிருந்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். காலையில் அவள் கொட்டகை முன்னால் பாத்திரத்தோடு பத்துப் பேர் நிற்பார்கள். கறப்பதற்கு முன் சொம்பைத் தலைகீழாகக் கவிழ்த்து எல்லோருக்கும் காட்டுவாள், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று. காட்டாவிட்டால் கேட்பார்கள்.

வரிசையில் முதல் ஆளாக ஒரு ரிட்டயர்டு சார் நிற்பார். சட்டைப் பையில் பால்மானி வைத்திருப்பார், தண்ணீர் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும், ஜுரம் பார்க்கிற கண்ணாடிக் குச்சி மாதிரி இருக்கும். தினமும் தன் பாத்திரத்தில் அதை மிதக்கவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பார்.

"இன்னா சார், மாட்டுக்கு ஜுரம் கீதா?" என்பாள் மாட்டுக்காரம்மா.

"கிண்டல் பண்ணாதம்மா. சரியாத்தான் இருக்கு."

"நாளைக்கி என் கையில வெச்சுப் பாரு சார். எனக்குத்தான் சாயங்காலமானா ஜுரம் அடிக்குது, முட்டி வலிக்குது."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் வரிசையின் கடைசியில் நின்று சிரிப்பேன். நான் அங்கே பேசினது குறைவு. செம்பை நீட்டுவேன், "புத்துக்கு" என்பேன், அவள் ஊற்றுவாள், அவ்வளவுதான்.

நான் பால் ஊற்ற ஆரம்பித்த இரண்டாவது வெள்ளியோ மூன்றாவது வெள்ளியோ, ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றினபோது சின்ன முகம், என் மருமகள் வயதுதான் இருக்கும். உணவுப் பாதுகாப்பு அதிகாரி என்று சொன்னாள். வரிசையில் இருந்தவர்கள் முகமெல்லாம் மாறிவிட்டது. அதிகாரி வந்தால் ஏதோ பிடுங்கிக்கொண்டு போகத்தான் வருவார் என்று மார்க்கெட்டில் இருந்தவளுக்குத் தெரியாதா.

"அக்கா, பால் விக்கிறதுக்கு ரிஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல மேடம். மாடு விக்க வாங்கத்தான் சீட்டு எழுதுவாங்கோ. பாலுக்குமா?"

"பாலுக்கும்தான். பயப்படாதீங்க, இப்பவே போட்டுடலாம். ஆதார் இருக்கா?"

கவிழ்த்து வைத்திருந்த ஒரு பக்கெட்டைக் காலால் நகர்த்தி அதன்மேல் உட்கார்ந்தாள் அந்தப் பெண். சாணி பட்டுவிடும் என்று பார்க்கவில்லை. தன்னுடைய போனிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் போட்டாள். மாட்டுக்காரம்மா கைநாட்டு வைக்கிறவள் இல்லை, ஆனால் எழுத்து மெதுவாகத்தான் வரும். அந்தப் பெண் அவசரப்படுத்தவே இல்லை. நான் எத்தனையோ ஆபீஸ் ஜன்னல் முன்னால் நின்றிருக்கிறேன். ஒரு வார்த்தை புரியாமல் இன்னொரு தரம் கேட்டால் எரிந்து விழுவார்கள். இவள் கொட்டகைக்கே வந்து, பக்கெட்டில் உட்கார்ந்து, தானே எழுதிக் கொடுத்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

பிறகு சின்னச் சின்ன பாட்டிலில் பால் பிடித்துக்கொண்டாள். சார் தன் பால்மானியை எடுத்துக் காட்டினார்.

"நான் டெய்லி செக் பண்றேன் மேடம். தண்ணியே கிடையாது."

"ரொம்ப நல்லது சார். தண்ணி கலந்தா உங்க காசுதான் போகும். மாட்டுக்கு நோய் இருந்தா அது பால்ல வரும். அதை இந்தக் குச்சி காட்டாது. கண்ணு முன்னால கறந்தாலும் தெரியாது."

சார் குச்சியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாட்டுக்காரம்மாவுக்கு அந்தப் பெண் சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. மடியைக் கழுவித் துணியால் துடைத்துவிட்டுக் கறக்க வேண்டும். பிளாஸ்டிக் கேன் வேண்டாம், சில்வர் பாத்திரம் வேண்டும். மாட்டுக்கு ஊசி போட்டால் டாக்டர் சொல்கிற நாள் வரைக்கும் அந்தப் பாலை விற்கக் கூடாது. மாடு குறைமாதத்தில் கன்று போட்டால் உடனே மாட்டு டாக்டருக்கும் தனக்கும் போன் செய்ய வேண்டும். கடைசியில் எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"எல்லாரும் பாலை நல்லாக் காய்ச்சித்தானே குடிக்கிறீங்க?"

"காய்ச்சாம யார் மேடம் குடிப்பா?" என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். நான் பொய் சொல்லவில்லை. என் வீட்டில் பால் என்றால் பாக்கெட் பால், அதை மூன்று கொதி விட்டுத்தான் இறக்குவேன். செம்பில் இருந்தது என் கணக்கில் பாலே இல்லை. அது அம்மனுடையது. கையில் செம்போடு நின்றுகொண்டு, அவள் கேட்டது என்னைத்தான் என்பது தெரியாமல் தலையை ஆட்டியிருக்கிறேன்.

அதற்கப்புறம் ஒன்றரை மாதம் ஒன்றும் இல்லை. மாட்டுக்காரம்மா சில்வர் கேன் வாங்கினாள். மடி துடைக்க மாட்டுக்கொரு துணி வைத்தாள், தினமும் துவைத்துக் கொடியில் போட்டாள். "என் வூட்டுக்காரர் துண்டைக்கூட இப்படித் தொவச்சதில்ல" என்பாள். ரிஜிஸ்டர் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொட்டகைத் தூணில் மாட்டினாள்.

ஐப்பசி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை செம்போடு போனேன். கொட்டகை வாசலில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. வழக்கமாக நிற்கிற பத்துப் பேரும் கயிற்றுக்கு வெளியே குடையோடு நின்றார்கள். உள்ளே மாட்டு டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு மாட்டின் கழுத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் பெண்ணும் இருந்தாள். மாட்டுக்காரம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றாள்.

"யாருக்கும் இன்னிக்கிப் பால் இல்ல. சேப்பு மாடு கன்னு வீசிடுச்சு. ஏழு மாசம். உசுரு இல்லாம வந்துச்சு. நோயா இருக்கும்னு டாக்டர் சொல்றாரு. ரத்தம் எடுத்துகினு போறாங்கோ. ரிசல்ட் வர்ற வரைக்கும் எந்த மாட்டுப் பாலையும் நான் தர மாட்டேன்."

"சேப்பு மாட்டைத்தான் நீ கறக்கறதே இல்லியே, ஒரு மாசமா," என்றார் ஒருத்தர்.

"அதுக்கு முன்னாடி கறந்தேனே. நீயும்தான் வாங்கின. மத்ததுக்கு ஒட்டிச்சா இல்லியான்னு எனக்கு எப்டித் தெரியும்?"

சார் குடையைச் சாய்த்துக்கொண்டு அவளிடம் தணிந்த குரலில் சொன்னார். "ஏம்மா, மாடு வத்திப்போச்சுன்னு சொல்லியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. இப்படி வாசல்ல நின்னு சொல்லணுமா? நாளைக்கு யார் வருவா?"

"தெரிஞ்சிருக்காது சார். அதான் சொல்றேன்."

இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள். அவள் அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை. நான் மீன் விற்றவள். காலையில் நல்லதாக இருந்த மீன் வெயிலில் சாயங்காலம் எப்படி ஆகும் என்று தெரியும். ஐஸைப் போட்டு மூடிவிட்டு, வாங்குகிறவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்த நாட்கள் எனக்கும் உண்டு. கெட்டுவிட்டது என்று மார்க்கெட் நடுவில் எழுந்து நின்று சொன்னவளை நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தரம் பார்த்தேன்.

அப்புறம் ஸ்கூட்டர் பெண் முன்னால் வந்தாள். இது கன்று வீச்சு நோயாக இருக்கலாம், பாலைக் கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும், காய்ச்சிக் குடித்தவர்கள் பயப்பட வேண்டாம் என்றாள்.

"பச்சையா யாராவது குடிச்சிருந்தா சொல்லுங்க. முக்கியமா மாசமா இருக்கறவங்க. அவங்களுக்கும் கரு கலைஞ்சிடலாம். யாராவது இருக்கீங்களா?"

"இல்ல, இல்ல," என்றார்கள் எல்லோரும்.

அந்த டம்ளரும் அதை வாங்குகிற கையும்தான் கண்ணுக்குள் வந்து நின்றன. ஒன்பது வெள்ளி. ஒவ்வொரு வெள்ளியும் பக்கத்தில் நின்று, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்க வைத்திருக்கிறேன். இத்தனை பேர் முன்னால் என் வாயால் எப்படிச் சொல்வேன். சொன்னால் அம்மன் மேல் பழி போட்டதாகிவிடுமோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அதிகாரிப் பெண் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருப்பவர்களையும் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். நானும் காலிச் செம்போடு நடந்தேன்.

கால் பழக்கத்தில் புற்றுக்குத்தான் போனது. தகரத்தில் மழை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஊற்ற ஒன்றும் இல்லை, சும்மா நின்றேன். வேண்டிக்கொள்ளவும் வரவில்லை. ஆறு வருஷம் காத்திருந்து வந்த கரு, ஐந்தாம் மாதம், அதற்கு என் கையால் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று மட்டும்தான் திரும்பத் திரும்ப ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து, கொட்டகையில் இப்போது ஆள் இருக்காது, அவளிடம் மட்டும் என்றால் சொல்லலாம் என்று தோன்றியது. திரும்பி நடந்தேன்.

மாட்டுக்காரம்மா ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு தரையில் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையுறையை ஆட்டிக் காட்டினாள்.

"டாக்டர் திட்டிட்டாரு அக்கா. செத்த கன்ன வெறுங்கையால எடுத்தியான்னு. கையால எடுக்காம காலாலயா எடுப்பாங்க. நீ இன்னாத்துக்கு மறுபடி வந்த? பால் இல்லன்னு சொன்னேனே."

சொன்னேன். மருமகள் மாசமாக இருப்பது, புற்றுக்கு ஊற்றியது போக மீதி, பச்சையாக, சர்க்கரை போட்டு. சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் தரையைத்தான் பார்த்தேன்.

அவள் சுண்ணாம்புத் தட்டைக் கீழே வைத்தாள். "காய்ச்சாமயா?"

"பிரசாதம்."

"நீ புத்துக்குன்னு வாங்கசொல்ல, மீதிய இன்னா பண்றேன்னு ஒரு வார்த்த நான் கேட்டிருக்கணும்," என்றாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். "மேடம், எங்க கீற? கொஞ்சம் திரும்பி வா. முக்கியம்."

ஸ்கூட்டர் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. இந்த முறையும் அந்தப் பெண் பக்கெட்டில்தான் உட்கார்ந்தாள், என்னையும் ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள். என்ன இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. எத்தனை வெள்ளி, எவ்வளவு பால், மருமகளுக்கு ஜுரம் வந்ததா, எந்த டாக்டரிடம் காட்டுகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் சொல்வது காதில் விழாதபோது இன்னும் கிட்ட வந்தாளே தவிர, சத்தமாகப் பேசச் சொல்லவில்லை.

"அம்மா, நான் கேட்ட கேள்விதான் தப்பு. பால் காய்ச்சறீங்களான்னு கேட்டேன். சாமிக்கு வாங்கறீங்களான்னு கேக்கல."

"நீ இன்னா மேடம் பண்ணுவ. இந்த அக்கா எங்கிட்டதான வாங்குது, நான் கேக்கல," என்றாள் மாட்டுக்காரம்மா.

பழியை ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். அது யாருடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், நோய் இருந்தாலும் மருந்து இருக்கிறது, தாமதிக்கத்தான் கூடாது என்றாள் அந்தப் பெண். டாக்டரிடம் கொடுக்க ஒரு காகிதத்தில் விவரம் எழுதித் தந்தாள். தானே வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள். நானே சொல்கிறேன் என்றேன். அதையாவது நான் செய்ய வேண்டும் இல்லையா.

சாயங்காலம் மருமகள் வந்து கைப்பையை வைத்ததும் காகிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"அத்தை, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"எனக்கு அந்த வாடை பிடிக்கவே இல்ல. ரெண்டு வெள்ளி நீங்க அந்தப் பக்கம் திரும்பினப்போ துளசித் தொட்டியில ஊத்திட்டேன்."

"மீதி ஏழு?"

"குடிச்சிட்டேன். நீங்கதான் பாத்துட்டே நின்னீங்களே."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பாதியில் அழுதுவிட்டாள். என் மகன் வந்து பார்த்தபோது இரண்டு பேரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். அவன் கோபமாக என்னைப் பார்த்தான். "அவங்களா வந்து சொன்னாங்க. இல்லன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது," என்று அவள்தான் அவனை அடக்கினாள். அந்த ஒரு வார்த்தையை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தம் எடுத்தார்கள். நாலு நாளில் முடிவு வந்தது, நோய் இல்லை. ஆனால் இது மெதுவாகத் தலை காட்டுகிற நோய், இன்னும் சில வாரம் கழித்து இரண்டாவது தடவையும் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. அந்தச் சில வாரமும் நாங்கள் எப்படி இருந்தோம் என்று எழுதத் தெரியவில்லை. மருமகள் கொஞ்சம் இடுப்பைப் பிடித்தாலும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். வாரத்துக்கு ஒரு தரம் அதிகாரிப் பெண் போன் செய்வாள். "ஜுரம் ஏதாவது இருக்காம்மா? வலி இருக்கா?" அவ்வளவுதான் கேட்பாள், வைத்துவிடுவாள். அது அவள் வேலையில் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

இதற்கு நடுவில் மாடுகளின் முடிவு வந்தது. சிவப்பு மாட்டுக்கும் இன்னொரு கறவை மாட்டுக்கும் நோய். மற்ற மூன்றுக்கும் இல்லை. அந்த இன்னொரு மாட்டின் பால்தான் பெரும்பாலும் என் செம்புக்கு வந்தது. இரண்டையும் தனியாகப் பிரித்துக் கட்டச் சொன்னார்கள், அவற்றின் பாலை விற்கவே கூடாது என்றார்கள். மாட்டுக்காரம்மா மனையின் மறு ஓரத்தில் தனிக் கொட்டகை போட்டாள். அந்தப் பக்கம் போக ஒரு செருப்பு, இந்தப் பக்கத்துக்கு ஒரு செருப்பு. மாட்டு டாக்டர் சொன்னபடி அணுவளவும் பிசகாமல் நடந்தாள்.

அவளுடைய ரத்தத்தையும் எடுத்திருந்தார்கள். அவளுக்கு நோய் இருந்தது. சாயங்கால ஜுரமும் முட்டி வலியும் வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதமாக அதோடுதான் கறந்திருக்கிறாள். ஆறு வாரம் மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். இதைக் கேள்விப்பட்டு நான் பார்க்கப் போனேன். கட்டிலில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"உன் மருமவளுக்கு ரிசல்ட் இன்னா வந்துச்சு?"

"இப்ப ஒண்ணும் இல்ல. ரெண்டாவது தரம் பாக்கணுமாம்."

"பாப்போம், பாப்போம்." மறுபடி படுத்துக்கொண்டாள். "மாத்திரை போட்டா மூத்திரம் சேப்பாப் போவுது அக்கா. டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. இல்லன்னா பயந்தே செத்திருப்பேன்."

தன் நோயைப் பற்றி அவள் என்னிடம் பேசினது அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து மூன்று மாட்டுக்கும் இன்னொரு முறை ரத்தம் பார்த்து, நல்லது என்று சொன்ன பிறகு பால் ஊற்ற ஆரம்பித்தாள். அவள் உடம்பு தேறும் வரைக்கும் தங்கை மகள் வந்து கறந்தாள். பத்துப் பேர் வந்த இடத்தில் முதல் நாள் நாலு பேர்தான். அதில் சார் ஒருவர். "நீ அன்னிக்கு வாசல்ல நின்னு சொன்னியே, அதுக்குத்தான் வந்தேன். நல்லாருக்குன்னு இப்ப நீ சொன்னா நான் நம்பலாம் இல்ல," என்றார். அவள் பதிலுக்கு ஏதாவது கிண்டல் செய்வாள் என்று பார்த்தேன். செய்யவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் ஒரு தகரப் பலகை வந்தது: பாலைக் கொதிக்கக் காய்ச்சிக் குடிக்கவும். அதற்குக் கீழே அதிகாரிப் பெண் இன்னொரு வரி எழுதச் சொல்லியிருக்கிறாள்: சாமிக்கு வாங்கும் பாலில் மீதியையும் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். இப்போது ஊரப்பாக்கம், மாடம்பாக்கம் என்று எந்தக் கொட்டகைக்குப் போனாலும் சாமிக்கு யார் வாங்குகிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறாளாம். முதல் வாரத்திலேயே என்னைப் போல ஆறேழு பேர் கிடைத்தார்கள் என்று போனில் சொன்னாள். என் பேரை எங்கேயும் சொல்லவில்லை என்றும் சொன்னாள். அதை நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

இரண்டாவது பரிசோதனையின் முடிவுக்கு மருமகளும் நானும்தான் போனோம். அவளுக்கு ஏழாம் மாதம் பிறந்திருந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை மேலிருந்து கீழே வரைக்கும் படித்தார். அந்த நேரம் நான் மேஜையின் விளிம்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நோய் இல்லை. குழந்தையும் நல்லா வளருது. இனிமே இதைப் பத்தி யோசிக்கவே வேணாம்," என்றார்.

வெளியே வந்து ஜிஎஸ்டி ரோட்டு ஓரத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். மருமகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஓடுகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அத்தை, இனிமே வெள்ளிக்கிழமை என்ன பண்ணப் போறீங்க?"

"அம்மனுக்கு வாங்கறத முழுசா அம்மனுக்கே ஊத்திடறேன்."

"அப்பாடா," என்றாள்.

பிறகு தன் போனில் நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தாள். மாட்டுக்காரம்மா முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருப்பாள் போல.

"அக்கா, சொல்லு."

"ஒண்ணும் இல்லியாம். நல்லா இருக்காளாம்."

அந்தப் பக்கம் மாடு ஒன்று தலையை உலுக்குகிற சத்தமும், தரையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் கேட்டன. மூக்கை உறிஞ்சிக்கொள்வதும் கேட்டது.

"சரி அக்கா, வெச்சிடறேன். மடி கழுவிட்டேன், மாடு நிக்குது," என்றாள்.